மறுக்க வேண்டிய இரண்டாவது கதவு

மூன்றாம் வகுப்புக்கு மெக்சிகோ விழுந்தது.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் அந்தச் சின்னத் தனியார் பள்ளிக்கூடத்தில் வருட முடிவில் நாடுகளின் விழா ஒன்று வைப்பார்கள். அதிபர் மாக்ரெட் நாடுகளின் பெயர்களைத் துண்டுக் கடதாசிகளில் எழுதி, ஒரு பிஸ்கற் டின்னுக்குள் போட்டு ஆசிரியர் அறையில் நீட்டுவார். கையை விட்டு ஒன்றை எடுப்பதுதான். கொன்ஸ்ரன்ஸ் டீச்சருக்குப் போன வருடம் ஜப்பான் வந்தது. பிள்ளைகள் கடதாசிக் கொக்கு மடித்தார்கள், பெற்றோர் கை தட்டினார்கள், பாடு முடிந்தது. மெக்சிகோ அவ்வளவு சுலபமாக விடவில்லை.

வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள். மெக்சிகோவைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டாள். பெரிய தொப்பி என்றது ஒன்று. மிளகாய் என்றது இன்னொன்று. முர்ஷித் எழும்பி நின்று கேட்டான்:

“மிஸ், அங்க கள்ளிமரம் ஆள் உயரத்துக்கு இரிக்காம். ராவைக்கு மனிசனெண்டு நெனச்சி கட்டிப் புடிச்சா என்ன செய்ற?”

“உம்மாட்டச் சொல்லி முள்ளெடுக்கிற” என்றாள் டீச்சர். வகுப்பே சிரித்தது.

கொன்ஸ்ரன்ஸ் ஒரு வாரம் படித்தாள். படித்ததை அடுத்த வாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக் கொடுத்தாள். சோளமாவைப் பிசைந்து சோள மடலில் சுற்றி அவிப்பார்கள் என்றபோது, “எங்கட இலைக்கொழுக்கட்டை” என்றாள் யதுஷா. ஏழு முனையுள்ள நட்சத்திரம் ஒன்றைக் கடதாசியால் செய்து, உள்ளே இனிப்பு நிரப்பி, உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு தடியால் அடித்து உடைப்பார்கள். ஏழு முனையும் ஏழு தலையான பாவங்கள். இதைச் சொல்லி முடிக்க முதலே நாலைந்து பேர், “கணாமுட்டி மிஸ், கணாமுட்டி!” என்று கத்தினார்கள். சித்திரை வருடப் பிறப்புக்குச் சிங்களப் பிள்ளைகளோடு சேர்ந்து பானை உடைத்தவர்கள்தானே. நுவரெலியாவில் கிறிஸ்மஸ் காலத்தில் சிவப்பாய்ப் பூக்கிற நத்தார்ப் பூவின் சொந்த ஊர் மெக்சிகோதான் என்பதை மட்டும் ஒருத்தரும் நம்பவில்லை.

இறந்தவர்களுக்கு மேசை போட்டுப் படைக்கிற பெரிய திருநாள் ஒன்றும் அங்கே உண்டு. புத்தகத்தில் அதற்குத்தான் ஆகக் கூடிய படங்கள். அதை அவள் தொடவில்லை. கேட்டால், பிள்ளைகள் மண்டையோட்டுக்குப் பயப்படும் என்று சொல்லலாம். உண்மை வேறு. கார்த்திகை மாதத்தில் மாதா கோயிலில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுக்கச் சொல்லும்போது, பதினாறு வருடமாக அவள் தன் கணவன் ரெனால்டின் பெயரை அந்தப் பட்டியலில் எழுதியதில்லை. வேண்டுதல் பட்டியலில்தான் எழுதுவாள். பங்குச் சாமி ஒருநாளும் ஏனென்று கேட்டதில்லை.

அதனால் அவள் எடுத்தது ‘போசாதா’. தங்குமிடம் என்று அர்த்தம். நத்தாருக்கு முன் ஒன்பது நாள், பிள்ளைகள் யேசு பிறக்க முதல் இடம் தேடி அலைந்த மரியாளும் சூசையும் போல உடுத்து, விளக்கோடு ஊர்வலம் போய் வீடுகளின் கதவைத் தட்டுவார்கள். வெளியே நிற்பவர்கள் இடம் கேட்டுப் பாடுவார்கள். உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறக்காமல், இடமில்லை, போங்கள் என்று பதில் சொல்வார்கள். முதல் கதவும் மறுக்கும், இரண்டாவது கதவும் மறுக்கும். மூன்றாவது திறக்கும். பிறகு சாப்பாடு, இனிப்பு, நட்சத்திரம் உடைப்பு. சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விளையாட்டு உண்டா? பள்ளி மண்டபத்தில் காட்போட்டால் மூன்று கதவு செய்துவிடலாம் என்று நினைத்தாள். கதவு தட்டுகிற சத்தம் காட்போட்டில் அவ்வளவாகக் கேட்காது என்றும் நினைத்தாள்.

விழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மண்டபத்தின் கூரை ஒழுகி, சீலிங்கில் ஒரு பக்கம் கீழே வந்துவிட்டது.

“அதுக்கென்ன கொன்ஸ்ரன்ஸ்” என்றார் மாக்ரெட். “உங்கட ஃபிளாட்ஸ் பக்கத்திலதானே. உண்மையான கதவு, உண்மையான படி. மற்ற வகுப்பெல்லாம் முற்றத்தில செய்யட்டும், நீங்க அங்க செய்யுங்க. பேரன்ட்ஸுக்கு இன்னும் விருப்பமா இருக்கும்.”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். “சரி மிஸிஸ்” என்றுதான் வந்தது.

நாலு மாடி. லிஃப்ட் இல்லை. கொன்ஸ்ரன்ஸ் இரண்டாம் மாடி. மூன்றாம் மாடியில் முர்ஷித்தின் உம்மா ஷஹீமா, வந்து மூன்று வருடம். நாலாம் மாடியில் பொன்னம்பலமும் மனைவி பாலேஸ்வரியும். பொன்னம்பலம் நில அளவைத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தெட்டு வயது. அந்தக் கட்டடத்தில் அன்று இருந்தவர்களில் இன்றும் இருப்பது கொன்ஸ்ரன்ஸும் இந்த இரண்டு பேரும்தான். மற்றவர்கள் கனடா, வத்தளை என்று போய்விட்டார்கள்.

அன்று என்பது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு மாசி மாதம், பின்னேரம் நாலரை மணி. ரெனால்ட் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போயிருந்தான். துறைமுகத்தில் கப்பல் சாமான் எடுத்துக் கொடுக்கிற கொம்பனி ஒன்றில் கிளாக். கீழே வான் வண்டி ஒன்று வந்து நின்ற சத்தம் கேட்டது. பிறகு படியில் ஓடி வருகிற காலடி. அது யாருடைய காலடி என்று கொன்ஸ்ரன்ஸுக்குத் தெரியும். எட்டு வருடம் கேட்ட காலடி. அது அவர்களுடைய வீட்டு வாசலில் நிற்கவில்லை. தாண்டி மேலே போனது. மூன்றாம் மாடியில் தட்டிய சத்தம் கேட்டது. நாலாம் மாடியில் தட்டிய சத்தம் கேட்டது. பின்னால் கனமான சப்பாத்துகள். மூன்று வயது மகள் சாமினியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவின் கொண்டியில் கையை வைத்தபடி அவள் நின்றாள். கொண்டியை இழுக்கவில்லை. சப்பாத்துகள் கீழே இறங்கிப் போன பிறகும், வான் போன பிறகும், கொஞ்ச நேரம் இழுக்கவில்லை.

பொலிஸ், ஆணைக்குழு, செஞ்சிலுவைச் சங்கம், கோயில், இன்னொரு ஆணைக்குழு. ரெனால்டைக் கொண்டு போனது யார் என்று இன்றுவரை ஒருத்தரும் சொல்லவில்லை. மூன்றாம் மாடியில் அன்று இருந்தவர்கள், பயத்தில் திறக்கவில்லை என்று சொல்லி அழுதார்கள், அடுத்த வருடம் போய்விட்டார்கள். நாலாம் மாடியில் பாலேஸ்வரி, “நாங்கள் அண்டைக்கு வீட்டிலை இல்லைப் பிள்ளை, கோயிலுக்குப் போட்டம்” என்றாள். கொன்ஸ்ரன்ஸ் அதைப் பிடித்துக்கொண்டாள். நத்தாருக்குக் கேக் மேலே போகும். பொங்கலுக்குப் பொங்கல் கீழே வரும். அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஆனால் கணக்கு எப்போதும் ஒன்றுதான். ரெனால்ட் கடைசியாக நின்றது நாலாம் மாடிக் கதவடியில். அங்கே அவன் ஏதாவது சொல்லியிருப்பான். உள்ளே ஆள் இல்லையென்றால் அது காற்றோடு போயிற்று. ஆள் இருந்திருந்தால், அவன் கடைசியாகப் பேசியது இன்னும் ஒரு மனிதரின் காதில் இருக்கிறது. இரண்டில் எது என்று அறியப் பயந்தே அவள் பதினாறு வருடம் அந்தப் படியில் நாலாம் மாடிக்கு ஏறவில்லை. கேக்கைச் சாமினிதான் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

விஷயம் கேள்விப்பட்டு அடுத்த நாளே பாலேஸ்வரி இறங்கி வந்தாள்.

“பிள்ளையள் வருகினமாம். எங்கடை வீடு பெரிசு. கடைசிக் கதவு, திறக்கிற கதவு, எங்கடை கதவாய் இருக்கட்டுமே. நான் வடை சுடுறன். எல்லாரும் இருந்து சாப்பிடலாம்.”

“இல்லை அன்ரி” என்றாள் கொன்ஸ்ரன்ஸ். யோசிக்க முதலே வந்துவிட்டது. “உங்கட கதவு திறக்காத கதவு. திறக்கிறது கீழ என்ர கதவு.”

பாலேஸ்வரி சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். பிறகு, “அவர் என்ன சொல்லோணும் எண்டு எழுதித் தாங்கோ” என்றாள்.

எழுதிக் கொடுத்தாள். ‘நீங்கள் யாரென்று தெரியாது. கதவு திறக்க முடியாது. போங்கள்.’ ஒன்பது வயதுப் பிள்ளையும் எழுதக்கூடிய மூன்று வரி. எழுதும்போது பேனை இரண்டு தரம் கடதாசியைக் கிழித்தது. இதை நான் பிள்ளைகளுக்காகச் செய்கிறேனா, இல்லை அந்தக் கிழவரைக் கொண்டு இதைச் சொல்லவைத்துக் காது கொடுத்துக் கேட்பதற்கா என்று தன்னையே கேட்டாள். டின்னுக்குள் கையை விட்ட நேரத்தில் இருந்தே இப்படி நடக்கத்தான் இருந்ததோ என்றும் நினைத்தாள்.

ஒத்திகையில் தலையிடி கொடுத்தது ஷஹீமாதான். பிள்ளைகள் பாட்டின் முதல் வரியைப் பாடி முடிப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டாள். கையில் தட்டு, தட்டில் வட்டிலப்பம்.

“ஷஹீமாத்தா, நீங்க திறக்கக் கூடாது!” என்றாள் கொன்ஸ்ரன்ஸ்.

“வாசல்ல வந்து நிக்கிற புள்ளைகளப் பாத்து எப்படி மிஸ் போங்கண்டு சொல்ற? அதும் வகுத்துல புள்ளையோட ஒரு பொம்புள.”

“அது தலகாணி உம்மா!” என்று கழுதையாக நின்ற முர்ஷித் கத்தினான். “யதுஷாட வகுத்துல இரிக்கிறது தலகாணி!”

“தலகாணியெண்டாலும்தான். மெக்சிகோவுல எப்படியோ தெரியா, இங்க அப்படிச் செய்ய ஏலா.”

மூன்றாம் தரம்தான் சரிவந்தது. கதவை மூடி, கண்ணையும் மூடிக்கொண்டு, “எடமில்ல, போங்க” என்று சொல்லிவிட்டு, உள்ளிருந்தே “மன்னிச்சிக்கோங்க” என்றும் ஒன்று சேர்த்தாள். கொன்ஸ்ரன்ஸும் சிரித்துவிட்டாள். பிறகு பிள்ளைகள் நாலாம் மாடிக்குப் போகத் திரும்பியபோது சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்குப் பொன்னம்பலத்துக்குக் காய்ச்சல் என்று பாலேஸ்வரி மேலிருந்து சொன்னாள். அடுத்த நாளும் காய்ச்சல்.

விழா நாள் வந்தது. பின்னேரம் ஐந்து மணி. மரியாள் யதுஷா, சூசை ராகுலன், கழுதை முர்ஷித். மற்றவர்கள் கையில் கடதாசி விளக்கு, உள்ளே பற்றறி பல்ப். பெற்றோர் படி முழுக்க நெருக்கிக்கொண்டு போனைப் பிடித்தபடி நின்றார்கள். கொன்ஸ்ரன்ஸ் ஒவ்வொரு தளத்திலும் பிள்ளைகளை எண்ணினாள். பன்னிரண்டு. திரும்ப எண்ணினாள். பன்னிரண்டு.

ஷஹீமாவின் கதவு மறுத்தது. கை தட்டினார்கள். ஊர்வலம் மேலே ஏறியது. அவளும் ஏறினாள். பதினெட்டுப் படிகள். கைப்பிடிக் கம்பி மேலே போகப் போக ஆடுகிறது என்பதை இன்றுதான் கண்டாள்.

ராகுலன் தட்டினான். மூன்று தரம். பிள்ளைகள் அவள் எழுதிக் கொடுத்ததைப் பாடினார்கள்: தூரத்தில் இருந்து வருகிறோம், இவளுக்குக் களைப்பு, ஒரு மூலை தாருங்கள்.

உள்ளே சத்தமில்லை. பெற்றோரின் குசுகுசுப்பும் அடங்கியது. கொண்டி இழுபட்டது. கதவு திறந்தது.

பொன்னம்பலம் வேட்டி கட்டி, வெள்ளைச் சேட்டுப் போட்டு, கோயிலுக்குப் புறப்பட்டவர் போல நின்றார். “வாங்கோ, வாங்கோ பிள்ளையள். உள்ளுக்கு வாங்கோ.”

“ஐயோ அங்கிள்!” ராகுலனுக்கு அழுகை வரப் பார்த்தது. “நீங்க இல்லையெண்டு சொல்லோணும்! கதவைப் பூட்டுங்க!”

படியில் சிரித்தார்கள். “ஷஹீமாத்தாவின்ர வருத்தம் மேலயும் தொத்திட்டுது” என்றார் ஒரு அப்பா. பொன்னம்பலம் கதவை மூடினார். திரும்பத் தட்டினார்கள், திரும்பப் பாடினார்கள். திரும்பவும் திறந்தார். இந்த முறை வாங்கோ என்றுகூடச் சொல்லவில்லை. பிள்ளைகளின் தலைக்கு மேலால் கொன்ஸ்ரன்ஸைப் பார்த்தார். அவருடைய கையில் அவள் எழுதிக் கொடுத்த கடதாசி நாலாய் மடிந்திருந்தது.

“எனக்கு ஏலாது பிள்ளை.”

சிரித்தவர்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். கொன்ஸ்ரன்ஸ் பக்கத்தில் நின்ற ஷஹீமாவிடம், “பிள்ளைகளைப் பாருங்க, நான் அங்கிளுக்குச் சொல்லிக் குடுக்கிறன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவை அவளே மூடினாள். கொண்டியையும் போட்டாள்.

ஒடுக்கமான நடை. ஒரு பக்கம் ஃபிரிட்ஜ், மற்றப் பக்கம் செருப்புத் தட்டு. குசினி வாசலில் பாலேஸ்வரி, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். கதவுக்கும் பொன்னம்பலத்துக்கும் இடையில் ஒரு முழம்தான் இருக்கும்.

“அண்டைக்கு நாங்கள் கோயிலுக்குப் போகேல்லை” என்றார் பொன்னம்பலம்.

“தெரியும்” என்று அவளுடைய வாய் சொன்னது. தெரியாது. இந்த நிமிடம்தான் தெரியும்.

“இந்த இடத்திலைதான் நிண்டனான்.”

“என்ன சொன்னவர்?”

அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். “‘அங்கிள், நான் ரெனால்ட். ஒரு நிமிசம் திறவுங்கோ’ எண்டவர். சத்தம் போடேல்லை. ஆறுதலாத்தான் சொன்னவர். ரெண்டு தரம்.”

“பிறகு?”

வெளியே ராகுலன் தட்டினான். அவசரப்பட்டுப் பலமாய்த் தட்டினான். பலகை அதிர்ந்தது. கொன்ஸ்ரன்ஸின் கை தானாகவே போய்க் கொண்டியைப் பிடித்தது. திறப்பதற்கு அல்ல. அது திறந்துவிடாமல் இருக்க. பன்னிரண்டு பிள்ளைகள், கடதாசி விளக்கு, தலகாணி என்று புத்திக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. அந்தக் கையைப் பொன்னம்பலமும் பார்த்தார், அவளும் பார்த்தாள்.

பாட்டு முடிந்தது. வெளியே காத்திருந்தார்கள்.

“சொல்லுங்கோ அங்கிள்.”

அவர் தலையை ஆட்டினார்.

கொன்ஸ்ரன்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டாள். “நீங்கள் யாரெண்டு தெரியாது” என்று சொன்னாள். குரல் அவளுடையதாக இல்லை. “கதவு திறக்க ஏலாது. போங்கோ.”

வெளியே ஒரே கைதட்டல். “இப்பதான் சரி!” என்று முர்ஷித் கத்தினான். “மிஸ் ஆம்பிளக் குரல்ல கதைச்சா!” ஷஹீமா, “மெதுவா, மெதுவா, படி” என்று சொல்வது கேட்டது. விளக்குகளும் காலடிகளும் கீழே இறங்கின. கொன்ஸ்ரன்ஸ் அவற்றை எண்ணப் பார்த்தாள். முடியவில்லை.

“பிறகு?” என்றாள்.

“பிறகு தட்டேல்லை. கதவிலை சாய்ஞ்சுகொண்டு நிண்டவர். மூச்சு எனக்குக் கேட்டது. நான் கொண்டியிலை கையை வைச்சனான் பிள்ளை. வைச்சனான். இவ பின்னாலை என்ரை சேட்டைப் பிடிச்சவ. அவவிலை பிழை சொல்லேல்லை. பிடிக்காட்டிலும் திறந்திருப்பனோ தெரியாது.” நிறுத்தினார். “அவங்கள் ஏறி வந்திட்டாங்கள். இஞ்சை ஆர் இருக்கிறது எண்டு கேட்டாங்கள். ரெனால்ட் சிங்களத்திலை சொன்னவர். ‘மே கெதர கவுருவத் நே.’”

இந்த வீட்டில் ஒருத்தரும் இல்லை.

“அப்பிடிச் சொல்லிப்போட்டு அவங்களோடை இறங்கிப் போனவர். அவங்கள் எங்கடை கதவைத் தட்டேல்லை.” பொன்னம்பலம் கையில் இருந்த கடதாசியை இன்னொரு தரம் மடித்தார். “அவர் சொன்னதைத்தான் நாங்கள் பிறகு உங்களுக்கும் சொன்னம். பொலிசுக்கும் சொன்னம்.”

கொன்ஸ்ரன்ஸ் தனக்குக் கோபம் வரும் என்றுதான் இத்தனை வருடமும் பயந்திருந்தாள். வந்தது கோபம்தானா என்று தெரியவில்லை. ரெனால்டின் சிங்களம் அவ்வளவு நல்லதில்லை, துறைமுகத்துச் சிங்களம். அந்த நாலு சொல்லை அவன் எந்த இழுவையோடு சொல்லியிருப்பான் என்று அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. பதினாறு வருடத்தில் முதல் தரம் அவனுடைய குரல், படத்தில் இருந்தோ கனவில் இருந்தோ அல்லாமல், நடந்த ஓர் இடத்தில் இருந்து கேட்டது. அதற்காக இந்த மனிதருக்கு நன்றி சொல்ல வேண்டுமா? இதை மூடி வைத்திருந்ததற்காக முகத்தில் அறைய வேண்டுமா? தன் கை இன்னும் கொண்டியில் இருப்பதைக் கண்டு எடுத்தாள்.

பாலேஸ்வரி கிட்ட வந்தாள். “பிள்ளை, எங்களை என்னெண்டாலும் பேசு. பேசிப்போட்டுப் போ.”

“நேரமில்லை அன்ரி. கீழ பிள்ளைகள் நிக்குது.” மூச்சை எடுத்துக்கொண்டாள். “நாளைக்கு நாலு மணிக்கு வாறன். சாமினியையும் கூட்டிக்கொண்டு வருவன். முதலில இருந்து சொல்லோணும். எந்தக் கையால தட்டினவர், எத்தனை பேர் வந்தவங்கள், என்ன உடுப்பு, எல்லாம்.”

“அந்தப் பிள்ளைக்கு என்னத்துக்கு இதெல்லாம்…”

“அவளுக்குத்தான் சொல்லோணும்” என்றாள் கொன்ஸ்ரன்ஸ். “எனக்கு நீங்கள் இப்ப சொல்லிப்போட்டீங்கள்.”

பொன்னம்பலம், “ஓம்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “எழுதித் தரச் சொன்னாலும் எழுதித் தாறன், கையெழுத்து வைச்சு” என்றார்.

கொன்ஸ்ரன்ஸ் சேலையைச் சரிப்படுத்திக்கொண்டு வெளியே வந்தாள். கீழே இரண்டாம் மாடியில் பெரிய வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. மிஸ் வராமல் தட்டக்கூடாது என்றான் ராகுலன். கழுதைக்குக் கால் நோகிறது, தட்டு என்றான் முர்ஷித். மரியாளின் தலகாணி நழுவி முழங்கால் வரைக்கும் வந்துவிட்டிருந்தது. யாரோ ஒரு பிள்ளை பாட்டைக் கடைசியில் இருந்து தொடங்கிவிட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

“நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க” என்று சொல்லிக்கொண்டே கொன்ஸ்ரன்ஸ், ஆடுகிற கம்பியைப் பிடித்தபடி இறங்கினாள். “முதல் வரியில இருந்து.”